பார்த்தவர், பார்த்த திகதி

என் குறிப்புப் புத்தகத்தில் ஒரு நாளுக்கு நாலு வரிக்கு மேல் எழுதுவதில்லை. வெயிலா மழையா, யார் வந்தார்கள், யார் செத்தது, என்ன வாசித்தேன், அவ்வளவுதான். ஆனி மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை ஒன்றுக்கு மட்டும் ஆறு பக்கம் இருக்கிறது. ஆறு பக்கத்திலும் வருகிறவர் ஒருவர். அவருடைய பெயரை நான் இங்கே எழுதவில்லை. "என்னைக் கேட்டோ எழுதினீங்கள்?" என்று கட்டாயம் கேட்பார்.

எங்கள் கந்தோர் சாவகச்சேரிச் சந்தைக்குப் பக்கத்தில், ஒரு புடைவைக் கடையின் மேல்மாடியில் இருந்தது. மென்பொருள் எழுதிக் கொடுக்கும் சிறிய இடம். முதலாளி பதினைந்து வருடம் கனடாவில் இருந்துவிட்டு வந்தவர். புரோகிராம் எழுத இரண்டு பேர். ஒருவர் கரவெட்டியிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிற, இரண்டு பிள்ளைகளின் தகப்பன். அவரைக் கரவெட்டியார் என்போம். மற்றவர் ஒரு பெண், அவர்தான் நான் சொல்ல வந்தவர். நான் அரச கந்தோர் ஒன்றில் எழுதுவினைஞனாக இருந்து ஓய்வு பெற்றவன். பழைய கையெழுத்துகளை வாசிப்பேன் என்பதற்காக, கடதாசிகளைப் பார்த்துக் கணினியில் பதிய என்னை எடுத்தார்கள்.

அவருக்கு அப்போது முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று வயது இருக்கும். ஏதாவது ஒன்று பிடிபடவில்லையென்றால் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் கவிழ்த்து வைப்பார். அது கழன்றால் எங்களுக்கு அரை மணித்தியாலம் போயிற்று. எது தன் முன்னால் வந்தாலும் அது என்ன வகையானது என்று கேட்காமல் உள்ளே விடமாட்டார். முதலாளி வாசலில் தலையை நீட்டி "ஓகே" என்று சொல்லிவிட்டுப் போனால் பின்னாலேயே எழும்பிப் போவார். "ஓகே எண்டால் என்ன பொஸ்? பாத்திட்டீங்களோ, பாக்கப் போறீங்களோ?"

ஒரு நாள் கலியாணத் தரகர் ஒருவர் கந்தோருக்கே வந்துவிட்டார். மாப்பிள்ளை வெளியில் இருக்கிறார் என்றார்.

"வெளியில எண்டால்?"

"வெளிநாட்டில, பிள்ளை."

"எந்த நாட்டில? விசாவோட இருக்கிறாரோ, அகதிக் கேஸ் போட்டிட்டு இருக்கிறாரோ?"

தரகர் தண்ணீர் கேட்டார். கரவெட்டியார் எடுத்துக் கொடுத்துக்கொண்டே, "ஐயா, மாப்பிள்ளையை முதல்ல ஒரு ஃபோம் நிரப்பச் சொல்லுங்கோ" என்றார். அந்தச் சம்பந்தம் அதோடு நின்றது. அவருக்கு அதில் வருத்தம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் அன்று பின்னேரம் முழுதும் கடிகாரம் மேசையில்தான் இருந்தது.

நாங்கள் வேலை செய்தது ரூபி என்ற மொழியில். எனக்கு அவர் விளங்கப்படுத்தியபடி சொல்கிறேன். சில கணினி மொழிகளில் ஒரு பெட்டிக்குள் இலக்கம்தான் வரும் என்று முதலே எழுதிக் கொடுக்கவேண்டும். வேறு ஏதாவது வந்தால் புரோகிராம் தொடங்கவே தொடங்காது. ரூபி அப்படிக் கேட்காது. பெயரைப் போட்டால் பெயர், இலக்கத்தைப் போட்டால் இலக்கம். பிழையான சாமான் உள்ளே போனது ஓடும்போதுதான் தெரியவரும். சிலவேளை தெரியவே வராது.

தெரியாமல் போன ஒன்றை நானே கண்டேன். கல்யாண மண்டபம் ஒன்றுக்கு எங்கள் புரோகிராம் ஓடிக்கொண்டிருந்தது. வருகிற பெரியவர்களையும் பிள்ளைகளையும் கூட்டி, சமையற்காரருக்கு எண்ணிக்கையைச் செய்தியாக அனுப்பும். ஒரு நாள் காலை சமையற்காரர் அழைத்தார்.

"தம்பி, நாப்பத்தையாயிரத்து அறுபது பேருக்குச் சமைக்கச் சொல்லி வந்திருக்கு. பொம்பிளை வீட்டுக்காரர் யாழ்ப்பாணம் முழுக்கச் சொல்லிப் போட்டினமோ?"

பெரியவர் நானூற்றைம்பது, பிள்ளைகள் அறுபது. இரண்டும் இலக்கமாக வராமல் எழுத்தாக வந்திருந்தன. எழுத்தைக் கூட்டச் சொன்னால் அந்த மொழி பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவிடும். கரவெட்டியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. "நாலாயிரம் எண்டு வந்திருந்தால் அந்த மனுசன் சமைச்சிருப்பார்" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் புரோகிராம்களின் ஒவ்வொரு பகுதிக்கும் தலையில் இரண்டு மூன்று வரி எழுதத் தொடங்கினார். இதற்குள் வரக்கூடியது இன்ன வகை, இதிலிருந்து போவது இன்ன வகை. மீறினால் உடனே நிற்கும். நிற்கும்போது, கொடுத்தவர் சொல் தவறினாரா, வாங்கிச் செய்தவர் சொல் தவறினாரா என்பதையும் திரையில் சொல்லும். அதைப் புரோகிராம்காரர்கள் ஒப்பந்தம் என்பார்கள். மொழி கேட்காத கேள்வியை மொழிக்கு மேலே அவர் எழுதி வைத்தார்.

கரவெட்டியாருக்கு அது பிடிக்கவில்லை. "அடிக்கு அடி சென்றி போட்டு வைச்சிருக்கிறாள். ஐசி எங்கை, ஆரின்ரை வீட்டை போறாய், எப்ப திரும்புவாய். இதுக்காகவோ இவ்வளவு காலம் கிடந்து தப்பினனாங்கள்?"

யுத்த காலத்து இராணுவச் சோதனைச் சாவடியைத்தான் சென்றி என்றார். நாங்கள் சிரித்தோம். அவர் திரும்பிப் பார்த்தார். "அண்ணை, சென்றியில நிண்டவன் நீங்கள் ஆரெண்டு உங்களைக் கேட்டவன். அவன் ஆரெண்டு உங்களால கேக்க ஏலாது. இதில ரெண்டு பக்கமும் கேக்கலாம்." பிறகு தன் வேலையைப் பார்த்தார். கரவெட்டியார் அந்தப் பகிடியை அதற்குப் பிறகும் சொன்னார், ஆனால் இவர் இல்லாத நேரத்தில்தான்.

அந்தக் காணி வேலை வந்தது வைகாசியில். அச்சுவேலிக்கு வடக்கே ஒரு துண்டு நிலம், ஐம்பத்தெட்டுக் குடும்பங்களின் வளவுகள், முப்பது வருடம் இராணுவத்தின் முள்ளுக்கம்பிக்குள் கிடந்து திரும்பக் கிடைத்திருந்தது. வேலி இல்லை, எல்லைக்கல் இல்லை, வீடுகளின் அத்திவாரம்கூட இல்லை. கிணறுகள் மட்டும் இருந்தன. சொந்தக்காரர்கள் ஒரு குழு அமைத்து, எல்லோருடைய பழைய உறுதிகளையும், அதாவது காணிப் பத்திரங்களையும், சேர்த்து எங்களிடம் தந்தார்கள். உறுதிகளில் உள்ள அளவுகளை நான் பதியவேண்டும். புரோகிராம் அதைக் கொண்டு, தெருக்கரையிலிருந்து தொடங்கி எந்த வளவு எங்கே முடிகிறது என்று ஒரு பட்டியலும் படமும் தரும். அதை வைத்து நில அளவையாளர் முளை அடிப்பார். ஒரு வளவின் எல்லையிலிருந்துதான் அடுத்த வளவு தொடங்கும். ஆகையால் பட்டியல் முழுதாக வேண்டும்.

உறுதிகளை நான் ஒழுங்காகத்தான் பதிந்தேன். ஒவ்வொன்றினதும் திகதி, நொத்தாரிசு, சாட்சிகள், இலக்கம் எல்லாம். ஒன்றை விட்டேன். யாழ்ப்பாணத்து நில அளவான லச்சத்தில், "நாலு லச்சம்" என்று எழுதிய இடத்தில், அடைப்புக்குறிக்குள் நெல் அல்லது வரகு என்று ஒரு சொல் இருக்கும். அந்தக் காலத்தில் அந்த நிலத்தில் என்ன விளைந்தது என்று எழுதியிருக்கிறார்கள் என நினைத்தேன். அட்டவணையிலும் அதற்கு இடம் இருக்கவில்லை. எழுதாமல் விட்டேன்.

பட்டியல் கொடுக்கவேண்டியது அந்த ஆனிக் கடைசி வெள்ளி பின்னேரம். சனி காலை முளை அடிப்பு. அந்த வாரம் செவ்வாய்க்கிழமை அவர் என்னிடம் வந்தார்.

"அண்ணை, லச்சம் எண்டால் எத்தனை குழி?"

"பதினெட்டு" என்றேன். குழி என்பது லச்சத்தின் சிறு கூறு. அது எனக்குத் தெரிந்த கணக்கு.

"எல்லா லச்சமுமோ?"

வரகு லச்சம் பதினெட்டுக் குழி. நெல் லச்சம் பன்னிரண்டு. எவ்வளவு விதைக்கலாம் என்பதை வைத்து நிலத்தை அளந்த காலத்தின் இரண்டு அளவுகள். முப்பத்தைந்து வருடம் கந்தோரில் இருந்தவனுக்கு அது தெரியும். தெரிந்தும், அடைப்புக்குறிக்குள் கிடந்ததை அளவென்று நினைக்கவில்லை. ஒரு நெல் வளவை வரகாக எடுத்தால் அது அரைவாசி பெருத்து அடுத்த வளவுக்குள் போய்விடும். அதற்குப் பிறகு வரிசையில் உள்ள ஒவ்வொன்றும் தள்ளிப்போகும்.

கடிகாரம் கழன்றது. அன்று பின்னேரத்துக்குள் அளவு என்ற ஒன்றையே அவர் மாற்றி எழுதினார். வெறும் இலக்கத்தை இனிப் புரோகிராம் வாங்காது. இலக்கம், நெல்லா வரகா என்ற வகை, உறுதியைக் கண்ணால் பார்த்தவர் பெயர், பார்த்த திகதி. நாலும் வந்தால்தான் அது அளவு. புதன் காலை ஓடவிட்டார். முதல் வரியிலேயே நின்றது. திரையில், கொடுத்தவர் பக்கம் தவறு என்று வந்தது. கொடுத்தவன் நான்.

"நேற்று வரைக்கும் ஓடினது" என்றார் முதலாளி.

"நேற்று வரைக்கும் கேக்கேல்லை" என்றார் அவர்.

என்னை அவர் ஒரு சொல்லும் குறை சொல்லவில்லை. "பிரதிகள் எங்கை இருக்கு அண்ணை?" என்று மட்டும் கேட்டார். மூல உறுதிகளை ஆட்கள் திரும்ப எடுத்துவிட்டார்கள். நிழற்பிரதிகள் அச்சுவேலியில் குழுச் செயலாளர் வீட்டில் இருந்தன. மீசாலைச் சந்தியில் பஸ் ஏறி, புத்தூர் வழியால் போய், புதன் பின்னேரமும் வியாழன் முழுதும் செயலாளர் வீட்டு விறாந்தையில் இருந்து வாசித்தேன். நாற்பத்தொன்பது பிரதிகளில் அந்தச் சொல் தெளிவாக இருந்தது. ஒன்பதில் ஓரம் கறுத்து ஒன்றும் தெரியவில்லை.

அந்த ஒன்பதில் ஒன்று, வாரம் முழுதும் எங்களுக்குத் தொலைபேசி எடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவுடையது. அறுபதைத் தாண்டியவர். முப்பது வருடம் தமையன் வீட்டுப் பின்னறையில் இருந்தவர். ஞாயிற்றுக்கிழமை காலை அவருடைய வளவில் வீட்டுக்கு அத்திவாரக் கல் வைக்க நாள் குறித்திருந்தார்கள்.

"தம்பி, ஞாயிறு விட்டால் அடுத்த கிழமை ஆடி பிறந்திடும். ஆடியில கல்லு வைக்க ஏலாது. மேசனும் வேறை இடம் போயிடுவான்" என்றார் வியாழன் மாலை, நான் கந்தோருக்குத் திரும்பியபின்.

"அம்மா, உங்கடை உறுதியில நெல்லெண்டு இருக்கோ, வரகெண்டோ?"

"வரகுதான். நான் பிறந்த வளவு எனக்குத் தெரியாதே?"

"உறுதியைப் பாத்துச் சொல்லுறீங்களோ?"

"உறுதி வீட்டுத் திட்டக் கந்தோரில கிடக்கு. நாளைக்குப் பின்னேரம்தான் திருப்பித் தருவினம்."

தொலைபேசியை வைத்துவிட்டு, இதை நான் புரோகிராம் எழுதிய அவரிடம் சொன்னேன். "அவ பாத்ததோ, நினைச்சதோ?" என்று கேட்டார். நினைத்தது என்றேன். "அப்ப பெட்டியை வெறுமையா விடுங்கோ அண்ணை."

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு முதலாளி என் மேசைக்கு வந்தார். குழுவிடமிருந்து அவருக்கு ஆறாவது அழைப்பு வந்திருந்தது. "அண்ணை, உது முழுக்கத் தோட்டக் காணி. வரகுதான் இருக்கும். ஒன்பதுக்கும் வரகெண்டு போடுங்கோ."

நான் போட்டேன். அதை எழுதாமல் விட்டால் இந்தக் குறிப்புக்குப் பெறுமதியில்லை. ஒன்பது வரியிலும் வரகு, வரகு என்று அடித்தேன். மனதுக்குள் அந்த அம்மாவின் நாளையும் மேசனையும் நினைத்துக்கொண்டேன். அது உதவியாக இருந்தது. வகையைக் கேட்ட பெட்டிக்கு ஒரு வகை கிடைத்தது. பொய்யா மெய்யா என்று அந்தப் பெட்டிக்குத் தெரியாது.

அடுத்தது பார்த்தவர் பெயர். அதற்கடுத்தது பார்த்த திகதி.

கை நின்றது. நான் எத்தனையோ பிழை விட்டவன். ஆனால் பார்க்காத ஒன்றைப் பார்த்ததாகத் திகதி போட்டு எழுதியதில்லை.

"இண்டையான் திகதியைப் போடுங்கோ" என்றார் முதலாளி.

"இண்டைக்கு நான் ஒண்டும் பாக்கேல்லை."

"சும்மா ஒரு திகதிதானே அண்ணை." குனிந்து, என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, பார்த்தவர் பெட்டியில் என் பெயரின் முதல் இரண்டு எழுத்தை அடித்தார்.

"என்ரை பேரைப் போட வேண்டாம்" என்றேன். சத்தம் எனக்கே புதிதாக இருந்தது. "உங்கடை பேரைப் போடுங்கோ."

முதலாளி கையை எடுத்தார். கரவெட்டியார் தட்டுவதை நிறுத்தியிருந்தார். கீழே தெருவில் பஸ் நடத்துநர் கொடிகாமம், கொடிகாமம் என்று கத்திக்கொண்டிருந்தார். முதலாளி திரும்பி, ஒப்பந்தம் எழுதிய அவரிடம் போனார்.

"அந்த ஒப்பந்த வரியளைக் கழட்டும்."

"கழட்டலாம் பொஸ். ரெண்டு நிமிஷ வேலை." அவர் எழும்பவில்லை. குரலும் ஏறவில்லை. "கழட்டினதெண்டு பட்டியலின்ரை அடியில எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுங்கோ. ஒன்பது வளவு ஆரும் பாக்காதது எண்டு."

"அப்பிடி எழுதினால் ஆர் வாங்குவினம்?"

"வாங்க மாட்டினம்."

"அந்த மனுசிக்கு ஞாயிற்றுக்கிழமை நாள். ஒரு மாதத்துக்கு மேலை போகும். அதுக்கு நீர் என்ன சொல்லுறீர்?"

அவர் முகம் வெளிறியதை நான் கண்டது அந்த ஒரு முறைதான். "எனக்கும் தெரியும் பொஸ்" என்றார். "கல்லு வைச்சால் பிறகு கிளப்ப ஏலாது."

நாலு பத்துக்கு முதலாளி குழுவுக்குத் தொலைபேசி எடுத்து, பட்டியல் இன்றைக்கு இல்லை என்றார். வேறு ஒன்றும் விளக்கவில்லை. வைத்துவிட்டு, "திங்கக்கிழமை கதைப்பம்" என்று அவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். நான் ஒன்பது வரகையும் அழித்தேன்.

"அந்தத் திகதிப் பெட்டி எனக்காக வைச்சதோ பிள்ளை?" என்று கேட்டேன்.

"எல்லாருக்கும்தான் அண்ணை" என்றார்.

மறுநாள் சனிக்கிழமை, ஒன்பதரைக்கு, அந்த அம்மா படியேறி வந்தார். கையில் ஒரு பிளாஸ்ரிக் பை. மூச்சு வாங்கியது. எங்களில் யார் என்று கேட்காமலே அவருக்கு முன்னால் போய் நின்றார்.

"நீயோ பிள்ளை மறிச்சது?"

"ஓம் அன்ரி."

"முப்பது வரியம் துவக்கோட நிண்டு மறிச்சாங்கள். அவங்கள் விட்ட பிறகு நீ இதில இருந்து மறிக்கிறாய். மேசன் போயிட்டான். ஐயரிட்டை நான் என்ன சொல்லுறது? என்ரை தமையன்ரை மருமகள் இண்டைக்குக் காலமை என்ன கேட்டவள் எண்டு தெரியுமோ உனக்கு? இன்னும் எத்தினை நாள் மாமி எண்டு கேட்டவள்."

அவர் எழும்பித் தன் கதிரையை அம்மாவின் பக்கம் தள்ளினார். அம்மா அதில் இருக்கவில்லை.

"அன்ரி, உறுதி கொண்டு வந்தனீங்களோ?"

பையை மேசையில் போட்டார். "வாசி. நல்லா வாசி. வரகெண்டுதான் கிடக்கும்."

கையெழுத்து பழசு. அவர் அதை என்னிடம் நீட்டினார். நான் வாசித்தேன். நாலு லச்சம். அடைப்புக்குறிக்குள், நொத்தாரிசின் சாய்ந்த எழுத்தில், நெல்.

மறுபடி வாசிக்கச் சொன்னார் அம்மா. மறுபடி வாசித்தேன். எழுபத்திரண்டு குழி என்று இருந்த வளவு நாற்பத்தெட்டுக் குழியாயிற்று. அவர் படத்தைத் திரையில் எடுத்து, அந்த அளவில் வளவைக் கோடிட்டார். சுருங்கிய கோட்டுக்கு வெளியே ஒரு சிறிய வட்டம் நின்றது. அம்மா விரலை அதில் வைத்தார்.

"அப்ப கிணறு?"

விரலை எடுக்காமலே அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"என்ரை கிணறு, பிள்ளை. நான் தண்ணி அள்ளின கிணறு. அதைப் பாத்துத்தான் இது எங்கடை வளவெண்டு அடையாளம் கண்டனான்."

"மிச்சத்தையும் வாசியுங்கோ அண்ணை" என்றார் அவர்.

நான் விரலை வைத்து வைத்துப் போனேன். எல்லைகள் கிழக்கு, வடக்கு, மேற்கு, தெற்கு. அதற்குக் கீழே, கிழக்குப் பக்கத்துக் கிணற்றில் மூன்றில் ஒரு பங்கும், அதற்குப் போய்வர வழியும் வாய்க்காலும் சேர.

அம்மா அப்போதுதான் கதிரையில் இருந்தார். "என்னைப் பெத்த ஐயா இதைச் சொல்லவேயில்லை" என்றார். பிறகு கோட்டுக்கு வெளியே ஓரிடத்தைக் காட்டினார். "இதிலைதான் குசினி நினைச்சனான். பக்கத்து வளவுக்காரரின்ரை காணிக்குள்ளை அடுப்பு மூட்டியிருப்பன்."

நான் பெட்டியில் நெல் என்று அடித்தேன். என் பெயர். அன்றைய திகதி. அவர் ஓடவிட்டார். அந்த வரியைத் தாண்டி, அடுத்த வெறும் பெட்டியில் புரோகிராம் நின்றது. அங்கே இருந்த பெயரை அம்மா எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"உவர் எங்கடை தெற்கு வளவுக்காரர். கொடிகாமத்தில மகளோட இருக்கிறார்." பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு எழும்பினார். "நடவுங்கோ, நான் காட்டுறன்."

"அன்ரி, அவரிட்டை உறுதி இருக்கோ, இருக்குமெண்டு நினைக்கிறீங்களோ?"

அம்மா படிக்கட்டில் நின்று திரும்பிப் பார்த்தார். "நீ எல்லாத்துக்கும் இப்பிடித்தான் கேப்பியோ?"

"ஓம்" என்று அவர் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு அம்மாவுக்குப் பின்னால் இறங்கினார்.